எல்.டி.எச். 640 என்று வந்தால்: லிம்போமாவில் சாதாரண ரத்தப் பரிசோதனை எவ்வளவு தூரம் பேசும்?

கேள்வி சுருக்கமாக இது: அப்பாவுக்கு 62 வயது. கழுத்துக் கட்டியில் பயாப்ஸி எடுத்ததில் டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா (நிணநீர் மண்டலத்தில் வரும், வேகமாக வளரும் ஒரு புற்றுநோய்) என்று வந்திருக்கிறது. ஸ்டேஜ் 3. நிணநீர்க் கணுக்களுக்கு வெளியே எங்கும் பரவவில்லை. நடக்கிறார், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார். ரத்தத்தில் எல்.டி.எச். 640, அந்த லேபின் மேல் வரம்பு 250. வெள்ளணுக்கள் 9,200, அதில் நியூட்ரோஃபில் 78, லிம்ஃபோசைட் 10, மோனோசைட் 9 சதவீதம். அல்புமின் 3.1, ஹீமோகுளோபின் 10.8. "நியூட்ரோஃபிலை லிம்ஃபோசைட்டால் வகுத்தால் 7.8 வருகிறது. ஐந்துக்கு மேல் போனால் மோசம் என்று படித்தேன். இந்த எண்களை வைத்தே அப்பாவின் முடிவைக் கணித்துவிட முடியுமா?"

நான் பரிசோதனைக்கூடப் பக்கத்து மருத்துவன். ரத்தக் குழாயை வாங்கி எண்ணாக மாற்றி வெளியே அனுப்பும் ஆள். அதனால் என் பதிலில் அந்தப் பக்கத்துச் சந்தேகக் குணம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் அப்பாவின் ரத்தநோய் மருத்துவர்தான். எண்களை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் எல்.டி.எச். லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்ற இந்த நொதி உடம்பின் ஏறக்குறைய எல்லா செல்களுக்குள்ளும் இருக்கிறது. செல் உடைந்தால் ரத்தத்துக்கு வந்துவிடும். வேகமாகப் பெருகும் லிம்போமாவில் ஒரு பக்கம் செல்கள் பிறந்துகொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் செத்துக்கொண்டே இருக்கும். போதாததற்கு, புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றியே பெரும்பாலும் பிழைப்பு நடத்துவதால் இந்த நொதியை அதிகமாகத் தயாரித்தும் வைத்திருக்கும். ஆகவே எல்.டி.எச். உயர்ந்திருந்தால், கட்டியின் மொத்தச் சுமை அதிகம், அல்லது அது வேகமாக ஓடுகிறது, அல்லது இரண்டுமே என்று எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு மலிவான ஒரு பரிசோதனை இவ்வளவு சொல்வது பெரிய விஷயம்தான்.

இதை முறையாகக் கணக்கில் சேர்த்தது 1993இல். அமெரிக்கா, ஐரோப்பா, கனடா மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற 2,031 பேரின் விவரங்களிலிருந்து ஐந்து கேள்விகளைப் பிரித்தெடுத்தார்கள்: வயது 60க்கு மேலா, ஸ்டேஜ் 3 அல்லது 4ஆ, எல்.டி.எச். வரம்பைத் தாண்டியதா, கணுக்களுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் நோய் இருக்கிறதா, நோயாளி எந்த வேலைக்கும் போக முடியாத அளவுக்கோ அதற்கு மேலோ தளர்ந்திருக்கிறாரா. ஆமாம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். இதுதான் ஐ.பி.ஐ., சர்வதேச முன்கணிப்புக் குறியீடு. ஐந்தில் ரத்தப் பரிசோதனை ஒன்றே ஒன்றுதான். ஆனால் முப்பது வருடம் கழித்தும் அந்த ஒன்று தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

சரி, அப்பாவுக்குப் போட்டுப் பார்ப்போம். வயதுக்கு 1, ஸ்டேஜுக்கு 1, எல்.டி.எச்.சுக்கு 1. மொத்தம் 3. 1993 கணக்கில் மூன்று மதிப்பெண் குழுவில் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 43 சதவீதம். நீங்கள் இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்த எண்ணாகத்தான் இருக்கும். ஆனால் அது ரிடுக்சிமேப் என்ற ஆன்டிபாடி மருந்து வருவதற்கு முந்தைய காலம். சாப் எனப்படும் நான்கு மருந்துக் கூட்டோடு ரிடுக்சிமேப் சேர்ந்த பிறகு, 2007இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 365 பேரை வைத்து அதே ஐந்து கேள்விகளை மறுபடி அளந்தார்கள். அதில் மூன்று முதல் ஐந்து மதிப்பெண் வரை ஒரே குழு. நான்கு வருடத்தில் 55 சதவீதம். பிறகு 2014இல் அமெரிக்காவின் என்.சி.சி.என். என்ற புற்றுநோய் மருத்துவமனைக் கூட்டமைப்பின் மையங்களில் 1,650 பேரை வைத்து இன்னொரு திருத்தம் வந்தது. அதில் வயதையும் எல்.டி.எச்.சையும் ஆமாம்-இல்லை என்று பார்க்காமல் படிப்படியாகப் பார்த்தார்கள். எல்.டி.எச். மேல் வரம்பைத் தாண்டி மூன்று மடங்கு வரை 1, மூன்று மடங்குக்கு மேல் 2. அப்பாவின் 640, 250ஆல் வகுத்தால் 2.56, ஆக 1. 61 முதல் 75 வயது வரை என்பதால் 2. ஸ்டேஜுக்கு 1. மொத்தம் 4. அந்தக் குழுவின் ஐந்து வருடக் கணக்கு 64 சதவீதம்.

ஒரே மனிதர், ஒரே ரத்தம். 43, 55, 64. மூன்றும் சரியான எண்கள்தான். மூன்றும் வெவ்வேறு கூட்டத்தை, வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மருந்தோடு பார்த்தவை. மூன்றில் எது அப்பாவின் எண் என்று கேட்டால், எதுவும் இல்லை. 64 சதவீதம் என்றால் அப்பாவைப் போன்ற 100 பேரில் 64 பேர் அந்த வரம்பைத் தாண்டினார்கள் என்று அர்த்தம். அப்பா 64 சதவீதம் பிழைப்பார் என்று ஒரு நிலை உலகில் கிடையாது. அவர் அந்த 64இல் ஒருவரா, 36இல் ஒருவரா என்பதை ரத்தக் குழாய் சொல்வதில்லை. அந்த 36இல் மாரடைப்பு போன்ற வேறு காரணங்களால் இறந்தவர்களும் அடக்கம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் பக்கத்து விஷயத்துக்கு வருகிறேன். அந்த 640 உண்மையான 640தானா?

மெல்லிய ஊசியில் கஷ்டப்பட்டு ரத்தம் எடுத்து, சிரிஞ்சிலிருந்து குழாய்க்குள் வேகமாக அழுத்தி, பிறகு அதைக் குலுக்கியும் விட்டால் சிவப்பணுக்கள் உடையும். சிவப்பணுவுக்குள் இருக்கும் எல்.டி.எச். வெளியே சீரத்தில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், இருப்பதைவிட நூறு மடங்கு அளவுக்கு அதிகம். கொஞ்சம் உடைந்தாலே எண் எகிறிவிடும். சுழற்சி இயந்திரத்திலிருந்து எடுத்துப் பார்த்தால் வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம் இளஞ்சிவப்பாக, மோசமானால் ரோஸ் மில்க் நிறத்தில் நிற்கும். நல்ல லேபில் அதை ரிப்போர்ட்டில் 'ஹீமோலைஸ்ட்' என்று குறிப்பிட்டு மறு சாம்பிள் கேட்பார்கள். எல்லா லேபும் நல்ல லேப் இல்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் இளஞ்சிவப்புக் குழாய் ஒன்றுக்கு எல்.டி.எச். 590 என்று எந்தக் குறிப்பும் இல்லாமல் ரிப்போர்ட் போய்விட்டது. சிகிச்சை மருத்துவருக்கு அந்த எண்ணும் ஸ்கேனும் ஒத்துப்போகவில்லை, கூப்பிட்டுக் கேட்டார். மறுநாள் எடுத்த சாம்பிளில் 230. அதைப் போட்டு அனுப்பியவன் நானேதான் என்பதால் இன்றுவரை சீரத்தின் நிறத்தைப் பார்க்காமல் எந்த எல்.டி.எச்.சிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

இதன் விலை என்ன என்று அப்பாவின் கணக்கிலேயே பாருங்கள். ஒருவேளை அந்த 640 குழாய்க் கோளாறால் வந்தது, உண்மையில் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று வையுங்கள். ஐ.பி.ஐ. மதிப்பெண் 3 என்பது 2 ஆகிவிடும், 2014 கணக்கின் 4 என்பது 3 ஆகிவிடும். 2007 அட்டவணையில் 55, 79 ஆகிறது. 2014 அட்டவணையில் 64, 82 ஆகிறது. ஒரு குழாய் குலுங்கியதில் இவ்வளவு தூரம். அதனால் ரிப்போர்ட்டில் அதே சாம்பிளின் பொட்டாசியத்தையும் ஏ.எஸ்.டி. என்ற நொதியையும் பாருங்கள். சிவப்பணு உடைந்தால் அவையும் கூடவே ஏறியிருக்கும். சந்தேகமாக இருந்தால் மறுபடி ஒரு முறை எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

இன்னொன்று, எல்.டி.எச்.சை அளக்கும் முறை எல்லா லேபிலும் ஒன்றல்ல. ஒரு முறையில் மேல் வரம்பு 250க்குப் பக்கத்தில் இருக்கும், இன்னொன்றில் 450ஐத் தாண்டும். ஆகவே 400 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருக்கு நல்லது, ஒருவருக்குக் கெட்டது என்று ஒப்பிடவே முடியாது. அந்தந்த லேபின் மேல் வரம்பால் வகுத்த மடங்குதான் பேச்சு. அப்புறம் எல்.டி.எச். லிம்போமாவின் தனிச்சொத்தும் இல்லை. கல்லீரல் நோய், தசைக் காயம், ரத்தச் சிதைவுச் சோகை, பி12 குறைபாட்டால் வரும் சோகை எல்லாவற்றிலும் ஏறும். பி12 குறைபாட்டில் அது ஏறும் உயரத்தைப் பார்த்தால் லிம்போமாவே வெட்கப்படும்.

சரி, நீங்கள் பயந்த அந்த 7.8க்கு வருவோம்.

நியூட்ரோஃபில்-லிம்ஃபோசைட் விகிதம், லிம்ஃபோசைட்-மோனோசைட் விகிதம், தட்டணு-லிம்ஃபோசைட் விகிதம் என்று கடந்த பதினைந்து வருடத்தில் இவற்றின் மேல் ஆய்வுக் கட்டுரைகள் குவிந்திருக்கின்றன. காரணம் வெளிப்படை. எல்லா நோயாளிக்கும் முதல் நாளே ரத்த அணு எண்ணிக்கை எடுத்திருப்பார்கள், பழைய கோப்பைத் திறந்தால் தரவு தயார், செலவு இல்லை. அடிப்படையில் இருக்கும் உயிரியலும் பொய்யில்லை. லிம்ஃபோசைட் என்பது உடம்பின் சொந்த எதிர்ப்புப் படை. ரிடுக்சிமேப் லிம்போமா செல்லின் மேல் ஒட்டிக்கொண்டாலும், அதைக் கொல்வதில் பெரிய பங்கு லிம்ஃபோசைட் வகையைச் சேர்ந்த இயற்கைக் கொல்லி செல்களுக்கு உண்டு. படை மெலிந்திருந்தால் மருந்தின் கையும் மெலியும். மோனோசைட்டுகள் கட்டிக்குள் போய் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்களாக மாறி, சில சமயம் கட்டிக்கே காவல் நிற்கின்றன. நியூட்ரோஃபில் ஏறினால் உடம்பில் எங்கோ அழற்சி எரிகிறது. ஆக லிம்ஃபோசைட் குறைந்து மற்ற இரண்டும் கூடினால் சராசரியில் விளைவு மோசம் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. இதை நான் மறுக்கவில்லை.

மறுப்பது, ஐந்துக்கு மேல் போனால் மோசம் என்ற கோட்டைத்தான். ஒரு ஆய்வில் கோடு 2.5இல், இன்னொன்றில் 3.5இல், வேறொன்றில் 5இல். ஏன் இப்படி என்றால், பல ஆய்வுகளில் முதலில் யார் பிழைத்தார்கள் யார் இறந்தார்கள் என்று பார்த்துவிட்டு, இரண்டு குழுவையும் எந்தக் கோடு நன்றாகப் பிரிக்கிறதோ அதை 'உகந்த வரம்பு' என்று அறிவிக்கிறார்கள். பிறகு அதே நோயாளிகளிடம் அதே கோட்டை வைத்து, பாருங்கள் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்கிறார்கள். விடையைப் பார்த்துவிட்டுக் கேள்வித்தாள் தயாரித்தால் எல்லோரும் முதல் மதிப்பெண்தான். வேறொரு மருத்துவமனையின் வேறு நோயாளிகளிடம் அந்தக் கோடு நிற்கிறதா என்பதே உண்மையான சோதனை. பல விகிதங்கள் அந்த இடத்தில் தள்ளாடும். வித்தியாசம் காட்டாத முடிவுகள் கட்டுரையாக வெளிவருவதும் குறைவு, அதனால் நாம் படிப்பதில் வெற்றி பெற்றவை மட்டுமே மிஞ்சுகின்றன.

கோடு போடுவதிலேயே ஒரு நஷ்டமும் உண்டு. லிம்ஃபோசைட் 1,000க்குக் கீழே என்றால் ஆபத்து என்று வைத்தால் 990 உள்ளவரும் 300 உள்ளவரும் ஒரே கூடையில், 1,010 உள்ளவர் வேறு கூடையில். உடம்புக்கு அப்படி ஒரு படிக்கட்டு கிடையாது, சரிவுதான் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டுதான் அண்மைக்காலக் கணிப்பு முறைகளில் எண்ணை அப்படியே எண்ணாக வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். மேன்டில் செல் என்ற இன்னொரு வகை லிம்போமாவுக்கான மிப்பி என்ற குறியீடு 2008இலேயே வயது, எல்.டி.எச்., வெள்ளணு எண்ணிக்கை ஆகியவற்றைத் துண்டாக்காமல் ஒரே சூத்திரத்தில் சேர்த்தது.

உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 9,200இல் 10 சதவீதம் லிம்ஃபோசைட், அதாவது 920. 9 சதவீதம் மோனோசைட், 828. விகிதம் 1.1. இப்போது அந்த 10 சதவீதம் எப்படி வந்தது என்று கேளுங்கள். இயந்திரம் ஆயிரக்கணக்கான செல்களை எண்ணிச் சொன்னதென்றால் ஓரளவு நம்பலாம். கண்ணாடித் தகட்டில் நுண்ணோக்கி வழியே ஒருவர் 100 செல்களை எண்ணி 10 என்று எழுதியிருந்தால், உண்மை ஏறக்குறைய 5 முதல் 18 வரை எங்கும் இருக்கலாம். எண்ணியவர் குற்றமில்லை, நூறு மட்டும் எண்ணினால் கணிதம் அவ்வளவுதான் தரும். மோனோசைட்டின் 9க்கும் இதே கதி. ஆட்டம் உள்ள ஒரு எண்ணை ஆட்டம் உள்ள இன்னொரு எண்ணால் வகுத்தால் ஆட்டம் பெருகும். 1.1 என்பது 0.6ஆகவும் இருக்கலாம், 2ஆகவும் இருக்கலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது.

அதைவிட முக்கியமாக நான் கேட்பது, ரத்தம் எடுத்தது எப்போது? கட்டி மூச்சுக்குழாயை அழுத்துகிறது, வலி அதிகம், காய்ச்சல் விடவில்லை என்றால் பயாப்ஸி முடிந்ததும் ஸ்டீராய்டு தொடங்கிவிடுவார்கள். வயதானவர்களுக்குக் கீமோவுக்கு முன் ஒரு வாரம் பிரெட்னிசோலோன் கொடுப்பதும் வழக்கம்தான். ஸ்டீராய்டு உள்ளே போன சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் ஏறும், லிம்ஃபோசைட் இறங்கும். இரண்டு நாள் மாத்திரை சாப்பிட்டவரின் விகிதம் 7.8 என்றால் அதில் பாதி அந்த மாத்திரையின் வேலை. இதற்கிடையில் லிம்போமா ஸ்டீராய்டுக்கு உருகுவதால் எல்.டி.எச். இறங்கிவிடவும் செய்யும். ஆக ஒரே மாத்திரை ஒரு எண்ணை மோசமாகவும் இன்னொன்றை நல்லதாகவும் காட்டும். சொத்தைப் பல்லில் சீழ், சிறுநீர்த் தொற்று, சளிக்காய்ச்சல் எல்லாமே விகிதத்தை ஏற்றும். கீமோவுக்குப் பின் வெள்ளணு ஊசி போட்டிருந்தால் நியூட்ரோஃபிலும் எல்.டி.எச்.சும் சேர்ந்தே ஏறும். எந்தச் சூத்திரத்தில் போட்டீர்கள் என்பதைவிட எந்த நாளில் எடுத்தீர்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. ஸ்டீராய்டுக்கு முந்தைய ரிப்போர்ட் இருந்தால் அதைத் தேடி எடுங்கள்.

அல்புமின் 3.1, ஹீமோகுளோபின் 10.8 இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடலாம், வேர் ஒன்றுதான். லிம்போமாவும் அதைச் சுற்றி நடக்கும் அழற்சியும் இன்டர்லூகின்-6 போன்ற செய்திப் பொருள்களை வெளியிடுகின்றன. அந்தச் செய்தி கல்லீரலை எட்டியதும், கல்லீரல் தன் வேலைப்பட்டியலை மாற்றிக்கொள்கிறது. சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதத்தை அதிகம் தயாரிக்கிறது, அல்புமினைக் குறைக்கிறது, ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டி இரும்பைக் கிடங்கில் பூட்டி வைக்கிறது. இரும்பு உடம்பில் இருந்தும் எலும்பு மஜ்ஜைக்குக் கிடைக்காமல் ஹீமோகுளோபின் இறங்குகிறது. இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் என்ற புரதம் ஏறினால் அதுவும் இதனால்தான். குடும்பத்தில் எல்லோரும் அல்புமினைப் பார்த்துவிட்டு, நன்றாகச் சாப்பிட வைத்தால் ஏறிவிடும் என்று நோயாளியைப் பாடாய்ப் படுத்துவார்கள். சாப்பாடு அவசியம், அது வேறு விஷயம். ஆனால் இந்த அல்புமின் குறைவு பெரும்பாலும் எரியும் நெருப்பின் புகை. சிகிச்சை பிடித்தால் அதுவே ஏறும்; அல்புமினின் அரை ஆயுள் ஏறக்குறைய 20 நாள் என்பதால் மெதுவாகத்தான் ஏறும். சி.ஆர்.பி.யின் அரை ஆயுள் ஒரு நாள்கூட இல்லை, அது சட்டென்று இறங்கும். ட்ரிப் ஏற்றிக்கொண்டு படுத்திருப்பவரிடம் எடுத்த அல்புமின், நடந்து வந்தவரிடம் எடுத்ததைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

அல்புமினையும் லிம்ஃபோசைட்டையும் கூட்டி 'முன்கணிப்பு ஊட்டச்சத்துக் குறியீடு' என்று ஒன்று இருக்கிறது. 1984இல் ஜப்பானில் வயிற்று அறுவை நோயாளிகளுக்காக வந்தது, இப்போது லிம்போமாவிலும் ஆய்வாளர்கள் போட்டுப் பார்க்கிறார்கள். அப்பாவுக்கு அல்புமின் லிட்டருக்கு 31 கிராம், அதோடு லிம்ஃபோசைட் 0.92ஐ ஐந்தால் பெருக்கி 4.6, மொத்தம் 35.6. நன்றாகக் கவனியுங்கள், 35.6இல் 31 அல்புமினுடையது. பெயர் பெரிது; உள்ளே இருப்பது அல்புமின்தான். பழைய கள், புதிய மொந்தை. லிம்ஃபோசைட்டோ நியூட்ரோஃபில் விகிதத்தில் ஒரு முறை, மோனோசைட் விகிதத்தில் ஒரு முறை, இதில் ஒரு முறை என்று வந்துகொண்டே இருக்கிறது. மூன்று குறியீடும் மோசமாக வந்தால் மூன்று கெட்ட செய்தி என்று எண்ணாதீர்கள். ஒரே செய்தி மூன்று வாசல் வழியாக வருகிறது. 7.8ஐப் பார்த்து நீங்கள் தூக்கம் கெட்டதற்கு என் பதில் இதுதான்: எல்.டி.எச்.சும் அல்புமினும் ஏற்கெனவே சொல்லிவிட்டதற்கு மேல் அது புதிதாகச் சொல்வது கொஞ்சம்தான்.

லிம்போமா என்பது ஒரு நோயின் பெயரும் இல்லை. ஹாட்ஜ்கின் லிம்போமாவில் கதை மாறும். அங்கே கட்டியில் புற்றுநோய் செல்கள் மிகச் சொற்பம், மீதி எல்லாம் அழற்சிக் கூட்டம். அதனால் ரத்தக் குறியீடுகள் அங்கேதான் அதிகம் பேசுகின்றன. 1998இல் ஹாசன்க்ளெவர் முன்வைத்த, முற்றிய ஹாட்ஜ்கினுக்கான குறியீட்டில் ஏழு காரணிகள். அதில் நான்கு சாதாரண ரத்தப் பரிசோதனை. அல்புமின் 4க்குக் கீழ், ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ், வெள்ளணு 15,000 அல்லது அதற்கு மேல், லிம்ஃபோசைட் 600க்குக் கீழ் அல்லது 8 சதவீதத்துக்குக் கீழ். மற்ற மூன்று: ஆண் என்பது, வயது 45ஐ எட்டியிருப்பது, ஸ்டேஜ் 4. எதுவுமே இல்லாதவர்களில் ஐந்து வருடத்துக்கு நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 84 சதவீதம், ஐந்து அல்லது அதற்கு மேல் உள்ளவர்களில் 42. எல்.டி.எச். அந்தப் பட்டியலிலேயே இல்லை, பாருங்கள். ஆரம்பநிலை ஹாட்ஜ்கினிலோ சிவப்பணு படியும் வேகத்தை அளக்கும் பழைய ஈ.எஸ்.ஆர்.தான் ராஜா. காய்ச்சல், இரவு வியர்வை, எடை இழப்பு இல்லாமல் 50, இருந்தால் 30 என்று கோடு வைத்து, அதைத் தாண்டினால் சிகிச்சையின் அளவையே கூட்டுகிறார்கள். ஃபாலிக்யுலர் லிம்போமாவில் எல்.டி.எச்.சும் ஹீமோகுளோபினும், பிந்தைய குறியீட்டில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதமும் கணக்கில் வரும். இந்த மைக்ரோகுளோபுலினைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது, ஆகவே பக்கத்தில் கிரியேட்டினின் இல்லாமல் அதைப் படிக்காதீர்கள். மேன்டில் செல் போன்றவற்றில் லிம்போமா செல்லே ரத்தத்தில் சுற்றும். அப்போது லிம்ஃபோசைட் கூடுவது எதிர்ப்புப் படையின் பலமாக இருக்காது, எதிரியின் தலைக்கணக்காக இருக்கும். அங்கே அந்த விகிதங்களைப் போடுவதே அபத்தம்.

எண்ணால் சிகிச்சை மாறுமா? இதுதான் நான் முதலில் எதிர்பார்த்த கேள்வி. விளைவை முன்கூட்டிச் சொல்லும் குறியீடு வேறு, எந்த மருந்து வேலை செய்யும் என்று சொல்லும் குறியீடு வேறு. எல்.டி.எச். முதல் வகை. அது உயர்ந்தவர்களுக்குக் கூடுதல் கீமோ கொடுத்தால் நன்மை என்று தானாக ஆகிவிடாது. ஐ.பி.ஐ. அதிகம் உள்ளவர்களுக்கு முதல் சிகிச்சையோடே ஸ்டெம் செல் மாற்று செய்து பார்த்தார்கள். நோய் திரும்புவது குறைந்தது, மொத்தக் குழுவின் ஆயுள் நீளவில்லை. ஆனாலும் மதிப்பெண்ணுக்கு நடைமுறையில் ஒரு வாசல் உண்டு. 2022இல் வெளியான பொலாரிக்ஸ் ஆய்வில் ஐ.பி.ஐ. 2 முதல் 5 வரை உள்ளவர்களைச் சேர்த்து, சாப் கூட்டில் உள்ள வின்கிரிஸ்டினுக்குப் பதில் பொலாட்டுசுமேப் வெடோட்டின் என்ற புது மருந்து கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 70.2இலிருந்து 76.7 சதவீதம் ஆனார்கள். உயிர்பிழைப்பில் அந்தக் கட்டத்தில் வித்தியாசம் இல்லை. அப்பாவின் மதிப்பெண் 3. அந்த மருந்து அவருக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். நோயாளியின் சொந்த டி செல்களை லிம்போமாவைத் தாக்கும்படி மாற்றித் திருப்பி ஏற்றும் சி.ஏ.ஆர்.-டி செல் சிகிச்சை வரை போனாலும் இந்தச் சாதாரண எண்கள் கூடவே வருகின்றன. அந்தச் சிகிச்சைக்குப் பின் ரத்த அணுக்கள் எவ்வளவு காலம் எழாமல் கிடக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல நியூட்ரோஃபில், ஹீமோகுளோபின், தட்டணு, சி.ஆர்.பி., ஃபெரிட்டின் என்ற ஐந்தை வைத்து ஒரு குறியீடு 2021இல் வந்தது. பல லட்ச ரூபாய் இயந்திரம் எதுவும் வேண்டாத ஐந்து.

எல்.டி.எச். 640 உடனடியாக மாற்றக்கூடியது முதல் வாரத்தைத்தான். கட்டிச் சுமை அதிகமானால் கீமோ தொடங்கியதும் செல்கள் மொத்தமாக உடைந்து பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் ஏறி, சிறுநீரகம் திணறலாம். அதனால் முன்கூட்டியே நிறைய திரவம், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோப்யூரினால், அடிக்கடி ரத்தப் பரிசோதனை. ராஸ்பூரிகேஸ் ஊசி தேவைப்படுமானால் அதற்கு முன் ஜி6பி.டி. என்ற நொதியில் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து வருடக் கணக்கைவிட இந்த ஐந்து நாளில் எல்.டி.எச். சொல்வது எனக்குப் பயனுள்ளதாகத் தெரிகிறது.

அதன் பிறகு நடுவில் எடுக்கும் பெட் ஸ்கேன் வந்துவிடும். இரண்டு, நான்கு சுற்று முடிந்து கட்டி அணைந்திருக்கிறதா என்பது, முதல் நாள் ரத்தம் சொன்ன எல்லாவற்றையும்விடக் கனமான சாட்சி. சிகிச்சை முடிந்து நோய் அடங்கிய பின், மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்.டி.எச்.சைப் பார்த்துக்கொண்டு அது 250இலிருந்து 270 ஆனதற்கு நடுங்காதீர்கள். நன்றாக இருப்பவருக்குத் தனியாக எல்.டி.எச். மட்டும் சற்று ஏறினால் பெரும்பாலும் வேறு காரணமாகத்தான் இருக்கும். கட்டி, காய்ச்சல், எடை இழப்பு கூடவே வந்தால் அப்போது கதை வேறு.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய எண்களில் இல்லாத ஒன்று. ஹெபடைட்டிஸ் பி. மேற்பரப்பு ஆன்டிஜனும் கோர் ஆன்டிபாடியும், இரண்டும். எப்போதோ வந்து போய், கல்லீரலுக்குள் தூங்கும் வைரஸை ரிடுக்சிமேப் எழுப்பிவிடும். கல்லீரல் செயலிழந்து உயிரே போன சம்பவங்கள் உண்டு, அந்த மருந்தின் எச்சரிக்கைக் கட்டத்திலேயே அது அச்சாகியிருக்கிறது. முன்கூட்டித் தெரிந்தால் என்டகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையால் தடுத்துவிடலாம். இது எந்த முன்கணிப்புக் குறியீட்டிலும் இல்லாத பரிசோதனை. அப்பாவின் கோப்பைத் திறந்து அது இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்டிஜன் மட்டும் இருந்து கோர் ஆன்டிபாடி விடுபட்டிருந்தால், முதல் ரிடுக்சிமேப் பாட்டில் தொங்குவதற்கு முன் கேட்டு எடுத்துவிடுங்கள்.